வேலூர் வட்டாரத்தில் வீடு, மனை விற்கும் தொழில்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் என்று எந்தப் பக்கம் போனாலும் மனை விற்பனைப் பலகைகள் கண்ணில் படுகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கைபேசி எண். அந்த எண்களுக்குப் பின்னால் படிப்பை முடித்து வேலை தேடும் இளைஞர்கள், தோல் தொழிற்சாலை வேலையை விட்டவர்கள், ஓய்வு பெற்ற ராணுவத்தினர் என்று பலர் இருக்கிறார்கள். பேச்சுத் திறமையும் ஓர் இருசக்கர வாகனமும் போதும் என்று நம்பி வருகிறவர்கள் அதிகம். அவர்களில் பலர் ஓரிரு ஆண்டுகளில் விலகியும் விடுகிறார்கள். நிலைத்தவர்களைக் கவனித்துப் பாருங்கள். பத்திரத்தைப் படிக்கவும், சரியில்லாத சொத்தை விற்க மறுக்கவும் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள். இந்தத் தொழிலுக்கு முதலீடு இந்த இரண்டும்தான். மற்றதெல்லாம் பழகப் பழக வந்துவிடும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு செவிலியரோ, ராணிப்பேட்டை தொழிற்சாலை ஊழியரோ வாங்கும் அரை கிரவுண்டு மனையில் அவருடைய பாதி வாழ்நாள் உழைப்பு இருக்கிறது. அந்த மனையில் வில்லங்கம் இருந்தால் அவர் மீள முடியாது. விற்றுக் கொடுத்த தரகரும் அவர் கண்ணெதிரே அதே ஊரில்தான் வாழ்ந்தாக வேண்டும்.

எங்கே, யாரிடம் தொடங்குவது

இத்தொழிலில் மூன்று வாசல்கள் இருக்கின்றன. லேஅவுட் போடும் புரோமோட்டரிடமோ அடுக்குமாடி கட்டும் நிறுவனத்திடமோ விற்பனைப் பணியாளராகச் சேரலாம். சிறிய சம்பளமும், முடித்த விற்பனைக்கு ஊக்கத்தொகையும் கிடைக்கும். அனுபவமுள்ள ஒரு தரகருடன் சேர்ந்து கமிஷனைப் பங்கிட்டுக்கொள்ளலாம். தனியாகவும் தொடங்கலாம். முதல் ஆண்டு தனியாகப் போகாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. சம்பளம் குறைவென்றாலும், பத்திரப் பதிவு அலுவலகத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் உங்களை அழைத்துப் போகிற ஆளிடம் சேருங்கள். பேனர் கட்டவும் நோட்டீஸ் கொடுக்கவும் மட்டும் அனுப்புகிற இடத்தில் ஓராண்டு இருந்தாலும் கற்றுக்கொள்ள ஒன்றும் இராது.

வருமானத்தைப் பற்றி மறைக்காமல் பேசிவிடலாம். வீடு, மனை விற்பனையில் தரகு வழக்கமாக விலையில் 1 முதல் 2 சதவீதம். வாடகை வீடு பிடித்துக் கொடுத்தால் ஒரு மாத வாடகை. விற்பனைத் தரகு பத்திரப் பதிவு அன்றுதான் கைக்கு வரும். வங்கிக் கடன், வாரிசுகளின் கையெழுத்து, நல்ல நாள் எல்லாம் கூடிவர, முதன்முறை இடம் காட்டியதிலிருந்து மூன்று நான்கு மாதங்கள் ஆவது சாதாரணம். இடையில் ஆடி மாதம் வந்தால் பலர் பதிவுக்கு வரமாட்டார்கள். ஆவணிக்குத் தள்ளிப் போகும். ஆகவே ஆறு மாதக் குடும்பச் செலவைத் தனியாக எடுத்து வைக்காமல் முழுநேரமாக இறங்காதீர்கள். இல்லாவிட்டால், வீட்டு வாடகை கட்ட வேண்டிய நெருக்கடியில், மனசாட்சி வேண்டாம் என்று சொல்லும் சொத்தையும் விற்க நேரும். தவறுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

அந்த இடைவெளியை நிரப்ப வேலூரில் நல்ல வழி ஒன்று இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனை, வி.ஐ.டி. பல்கலைக்கழகம் ஆகியவற்றால் ஆண்டு முழுதும் வாடகை வீடு தேடி ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். புதியவர்கள் வாடகையிலிருந்து தொடங்குவது நல்லது. தெருக்கள் பழகும், வீட்டு உரிமையாளர்கள் பழகுவார்கள். வாடகைக்குக் கொடுத்தவர் ஒருநாள் விற்க நினைப்பார். குடியிருந்தவர் ஒருநாள் வாங்க நினைப்பார். இரண்டு பேரும் உங்களைத்தான் அழைப்பார்கள்.

ஒரு வட்டாரத்தை முழுதாகக் கற்றுக்கொள்ளுங்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019இல் மூன்றாகப் பிரிந்த பழைய மாவட்டம் முழுவதிலும் விற்கிறேன் என்று கிளம்பினால் எங்குமே உங்களுக்குப் பெயர் இராது. நாலைந்து கிலோமீட்டர் சுற்றளவை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தி நகரும் வள்ளிமலை சாலையும் ஒருவருக்குப் போதும். சத்துவாச்சாரி, ரங்காபுரம் இன்னொருவருக்கு. அடுக்கம்பாறையிலிருந்து கணியம்பாடி வரை வேறொருவருக்கு. ரத்தினகிரி அருகே கன்னிகாபுரத்தில் சி.எம்.சி.யின் புதிய வளாகம் வந்தபின் அந்தப் பக்கத்தில் மனை தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு பகுதிக்கும் வாங்குகிறவர் வேறு. கம்மவான்பேட்டை, கணியம்பாடிப் பக்கத்து ராணுவக் குடும்பங்கள் விடுமுறையில் வந்து பார்த்து, ஊருக்கு அருகிலேயே தனி மனை வாங்க விரும்புவார்கள். மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர்க் குடும்பங்களில் வளைகுடா நாடுகளில் வேலை செய்கிறவர்கள் உண்டு. முடிவெடுப்பவர் அங்கே இருப்பார், இடம் பார்க்க வருகிறவர் அவருடைய மாமாவாகவோ மைத்துனராகவோ இருப்பார். மருத்துவமனை ஊழியர்களுக்கு இரவுப் பணி முடிந்து பாதுகாப்பாகத் திரும்பும் தூரம் முக்கியம். பெங்களூரிலும் சென்னையிலும் இருந்துகொண்டு சொந்த ஊரில் முதலீடு செய்கிறவர்களுக்குக் காட்பாடி ரயில் நிலையம் முக்கியம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தெருத்தெருவாக நடந்து குறித்துக்கொள்ளுங்கள். ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி போட்டிருக்கிறார்கள், தண்ணீர் உப்பா இல்லையா, மேட்டூரிலிருந்து வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, மழை பெய்தால் எங்கே தேங்குகிறது. தண்ணீரைப் பற்றிக் கேட்பது இங்கே சம்பிரதாயக் கேள்வி அல்ல. ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை பாலாற்றையொட்டிய தோல் தொழில் பகுதிகளில் பல இடங்களில் நிலத்தடி நீர் கெட்டிருக்கிறது. இந்த மாவட்டத்துத் தோல் கழிவு பற்றிய வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே அந்தப் பகுதியில் வீடு காட்டும்போது தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்துப் பார்க்கும்படி வாங்குகிறவரிடம் நீங்களே சொல்லுங்கள். அதேபோல 2021 நவம்பரில் பாலாற்றிலும் பொன்னையாற்றிலும் வெள்ளம் வந்தபோது எந்தத் தெரு வரை தண்ணீர் ஏறியது என்பதை அங்கே குடியிருப்பவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். வறண்டு கிடக்கும் ஆற்றைப் பார்த்து மனை வாங்குகிறவருக்கு இதைச் சொல்ல உங்களைவிட்டால் ஆளில்லை.

தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லாதீர்கள். காலை ஒன்பது மணிக்குக் காட்பாடியிலிருந்து கிரீன் சர்க்கிள் வழியாகப் போய்ப் பார்த்து, எத்தனை நிமிடம் ஆகிறதோ அதைச் சொல்லுங்கள். "விமான நிலையம் வரப்போகிறது, விரைவுச் சாலை வரப்போகிறது" என்று விலையை ஏற்றிச் சொல்வது இங்கே வழக்கமாகிவிட்டது. இன்று இருப்பதைக் காட்டி விற்கப் பழகுங்கள். அப்படி விற்றால்தான் ஐந்து ஆண்டு கழித்தும் அவர் வீட்டுப் படியேறிப் போக முடியும்.

பத்திரம் படிப்பது

இதற்கு அதிக நேரம் கொடுங்கள். ஆடி மாதம் முழுவதையும் இதற்கே ஒதுக்கினாலும் தகும்.

சர்வே எண்ணிலிருந்து தொடங்குங்கள். தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) ஆகியவற்றைப் பார்க்கலாம். பலர் பட்டாவோடு நின்றுவிடுகிறார்கள். அ-பதிவேட்டைப் பார்ப்பதே இல்லை. நிலம் தனியார் பட்டா நிலமா, புறம்போக்கா, ஏரி உள்வாயா (ஏரியில் நீர் தேங்கும் பகுதியா) என்பதை அதில்தான் தெரிந்துகொள்ள முடியும். மலையடிவாரத்திலும் ஏரிக்கரையிலும் வீடு கட்டி, மின் இணைப்பு வாங்கி, வரியும் கட்டிக்கொண்டு பல குடும்பங்கள் இருக்கின்றன. வரி ரசீதும் மின் இணைப்பும் உரிமையாகிவிடா. கோயில் நிலமா, வக்பு சொத்தா என்பதையும் தொடக்கத்திலேயே விசாரியுங்கள். பஞ்சமி நிலம் என்று தெரிந்தால் விலகிவிடுங்கள். 1892ஆம் ஆண்டு அரசாணைப்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்காக ஒதுக்கப்பட்டது அது. அவர்களுக்கு வெளியே அதைக் கைமாற்ற முடியாது. சட்டம் தடுக்கிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த நிலம் யாருக்கு உரியதோ அவர்களிடம் இருக்க வேண்டும்.

அடுத்து வில்லங்கச் சான்று. ஒரு சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல் அது. பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமின்றியே பார்க்கலாம். குறைந்தது முப்பது ஆண்டுகளுக்குப் பாருங்கள். அதில் வரும் ஒவ்வொரு ஆவண எண்ணையும் எடுத்து, தாய்ப் பத்திரத்திலிருந்து (சொத்தின் பழைய மூலப் பத்திரம்) இன்றைய உரிமையாளர் வரை யார் யாரிடமிருந்து வாங்கினார் என்று ஒரு தாளில் கோடு போட்டு எழுதுங்கள். எங்காவது கோடு அறுந்தால் அதற்கு விடை கிடைக்கும்வரை யாருக்கும் அந்த இடத்தைக் காட்டாதீர்கள். வில்லங்கச் சான்றில் வராதவையும் உண்டு. பதியாத உயில், நீதிமன்றத்தில் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கு, அசல் பத்திரத்தை ஒருவரிடம் வைத்து வாங்கிய கைமாற்றுக் கடன் ஆகியவை அதில் தெரியா. இதனால்தான் நகலைக் காட்டுகிறவரிடம் அசலைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறோம். "வங்கி லாக்கரில் இருக்கிறது, பிறகு காட்டுகிறேன்" என்றால் பிறகே பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.

வடாற்காட்டுக் கிராமங்களில் அதிகமாகச் சிக்குவது வாரிசுரிமை. "அப்பா சொத்து, நாங்கள் மூன்று அண்ணன் தம்பிகள்" என்பார்கள். அக்கா தங்கைகள் இருக்கிறார்களா என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்குத் தமிழகச் சட்டம் 1989இலேயே பங்கு கொடுத்தது. 2005இல் நாடு முழுதும் அந்த உரிமை விரிந்தது. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களிலும் அவரவர் வாரிசுச் சட்டப்படி பெண்களுக்குப் பங்கு உண்டு. சீர் செய்து அனுப்பிவிட்டோம் என்பது சட்டத்துக்கு முன் நிற்காது. வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும். பெண்களைத் தனியாகச் சந்தித்து, சம்மதத்தோடுதான் கையெழுத்திடுகிறார்களா என்றும் கேளுங்கள். அவர்களுக்குரிய பணம் அவர்கள் கணக்கிலேயே போய்ச் சேர்ந்தால் நாளை வழக்கு வர வாய்ப்பும் குறைவு.

பவர் பத்திரம், அதாவது உரிமையாளர் தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் பொது அதிகாரப் பத்திரம் வைத்து விற்க வருகிறவர்கள் உண்டு. பொது அதிகாரப் பத்திரத்தால் மட்டும் உரிமை மாறாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, ரத்து செய்துவிட்டாரா என்பதைப் பார்க்காமல் ஒரு ரூபாய் அட்வான்ஸும் வாங்கித் தராதீர்கள். முடிந்தால் கொடுத்தவரிடமே நேரில் பேசுங்கள்.

லேஅவுட் மனை என்றால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் எண்ணையும், உள்ளாட்சியின் ஒப்புதலையும், மனைப்பிரிவு வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். சாலைகளும் பூங்கா இடமும் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பூங்காவாகக் காட்டிய இடத்தையே பிற்பாடு மனையாக விற்கும் கொடுமையும் நடக்கிறது. அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்கு 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதன்பின் அத்தகைய மனைகளை முறைப்படுத்த வந்த வரன்முறைத் திட்டம், 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கே பொருந்தும். "பஞ்சாயத்து அப்ரூவல் மனை" என்று இன்றும் சொல்லி விற்கிறவர்களிடம் அந்த மனைப்பிரிவு இந்தத் தேதிக்கு முன் உருவானதா என்று கேளுங்கள். சத்துவாச்சாரி வீட்டுவசதி வாரிய வீடுகளில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒதுக்கீடு பெற்றவர் முழுப் பணத்தையும் கட்டி, வாரியத்திடமிருந்து கிரயப் பத்திரம் வாங்கிவிட்டாரா என்பது.

அளவைகளை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. பட்டாவில் பரப்பு ஹெக்டேரிலும் ஏரிலும் (ஓர் ஏர் 100 சதுர மீட்டர்) இருக்கும். 0.04.50 என்றால் 450 சதுர மீட்டர், ஏறத்தாழ 11 சென்ட். கிராமத்துப் பெரியவர்கள் காணிக் கணக்கில் பேசுவார்கள். ஒரு காணி 1.32 ஏக்கர். பத்திரத்தில் ஓர் அளவும் இடத்தில் வேறோர் அளவும் இருந்தால், சர்வேயரை வைத்து அளந்த பிறகே விலை பேசுங்கள்.

இவ்வளவையும் நீங்கள் பார்த்தாலும் வழக்கறிஞரின் சட்டக் கருத்து கட்டாயம் வேண்டும். உங்கள் படிப்பு, எந்தச் சொத்தை வழக்கறிஞரிடம் எடுத்துப் போகலாம் என்று தேர்ந்தெடுப்பதற்கு.

ரெரா பதிவு

2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டர் அல்லது 8 வீடுகள் வரையிலான சிறிய திட்டங்களுக்கு விலக்கு உண்டு. மற்ற திட்டங்கள் தமிழ்நாடு மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தில் (ரெரா) பதிவாகியிருக்க வேண்டும். அத்தகைய திட்டத்தில் மனையோ வீடோ விற்றுக் கொடுக்கும் முகவரும் பதிவு செய்திருக்க வேண்டும். முகவரின் பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும். மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய், அந்தச் சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை அபராதம். தொழிலில் நிற்பது என்று முடிவானவுடன் பதிவு செய்துவிடுங்கள். திட்டத்தின் பதிவு எண்ணை ரெரா தளத்தில் நீங்களே சரிபாருங்கள். நோட்டீஸில் அச்சடித்திருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்குவதற்கு முன் பதிவு செய்த ஒப்பந்தம் வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

வாங்குகிறவருடன் பேசுவது

முதல் சந்திப்பில் இடம் காட்டப் புறப்படாதீர்கள். உட்கார வைத்துக் கேளுங்கள். கையில் எவ்வளவு இருக்கிறது, மாதம் எவ்வளவு கட்ட முடியும், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், வயதான பெற்றோர் உடன் இருக்கிறார்களா? வாஸ்து பார்க்கிறவரா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். தெரு நேராக வந்து முட்டும் தெருக்குத்து மனையைக் காட்டிவிட்டு வாதாடுவதில் பொழுதுதான் போகும்.

பிறகு கணக்கை அவர் முன்னால் போட்டுக் காட்டுங்கள். 40 லட்ச ரூபாய் வீட்டுக்கு வங்கி 80 சதவீதம் என்றால் 32 லட்சம் தரும். மீதி 8 லட்சம் அவர் கையிலிருந்து வர வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதமாக இன்னும் 3 லட்சத்து 60 ஆயிரம். பத்திர எழுத்தர், வழக்கறிஞர், வங்கிக் கட்டணம் எல்லாம் சேர்த்தால் 12 லட்சமாவது கையில் இருக்க வேண்டும். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, உண்மையான விலை இரண்டில் எது அதிகமோ அதன்மீதுதான் தீர்வை. 10 லட்ச ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. புறநகரில் சிறிய மனை வாங்கும் குடும்பங்களுக்கு இதை மறக்காமல் சொல்லுங்கள். 50 லட்சமும் அதற்கு மேலும் விலையுள்ள சொத்தில் வாங்குகிறவர் 1 சதவீத வருமான வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும்.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு "இப்போது முடியாது சார், இரண்டு வருடம் போகட்டும்" என்று எழுந்து போகிறவர்கள் இருப்பார்கள். போகட்டும். அவருடைய தம்பிக்கு வீடு பார்க்கும்போது உங்கள் எண்ணைத்தான் கொடுப்பார்.

இரு தரப்பிலும் தரகு வாங்குவதானால் இருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். விற்பவர் சொன்ன விலைக்கு மேல் ஏற்றி வைத்து இடைவெளியை எடுத்துக்கொள்ளும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. பதிவு நாளன்று இரண்டு குடும்பமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசும்போது அது வெளியே வந்துவிடும். அதன்பின் அந்த வட்டாரத்தில் உங்களுக்கு வேலை இல்லை.

அட்வான்ஸிலிருந்து பதிவு வரை

அட்வான்ஸ் தொகையை உங்கள் கையில் வாங்காதீர்கள். வாங்குகிறவர் கணக்கிலிருந்து விற்பவர் கணக்குக்கு நேராகப் போகட்டும். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி குற்றம். அதே அளவு தொகை அபராதமாக விற்பவர் தலையில் விழும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் 2012 முதல் கட்டாயம். வெள்ளைத் தாளில் எழுதிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் ஒப்பாதீர்கள். எத்தனை மாத கெடு, கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்புமா, வீட்டைக் காலி செய்து கொடுப்பது எப்போது என்பவை அதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

பதிவுக்கு முதல் நாள் மாலை வில்லங்கச் சான்றை இன்னொரு முறை எடுங்கள். ஒப்பந்தம் போட்ட பிறகும் புதிதாக ஒன்று ஏறியிருக்கக்கூடும். வரைவுப் பத்திரத்தில் சர்வே எண், செக்குபந்தி (நான்கு பக்க எல்லைகள்), அளவு, பெயரின் எழுத்து ஆகியவற்றை ஆதார் அட்டையோடு ஒப்பிட்டு வாய்விட்டுப் படியுங்கள். வடக்கும் தெற்கும் மாறிவிட்டால் பிழைதிருத்தல் பத்திரத்துக்கு மறுபடியும் எல்லோரையும் கூட்ட வேண்டும். முகூர்த்த நாட்களில் பதிவுத்துறை கூடுதல் டோக்கன் கொடுத்தாலும் கூட்டம் தாங்காது. வயதானவர்கள் கையெழுத்திட வருவார்களானால் சாதாரண நாளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிப் பாருங்கள். வேலூர் வெயிலில் அவர்களை மதியம் வரை காக்க வைப்பது பாவம்.

பதிவுக்குப் பின்

தரகு கைக்கு வந்ததும் பலர் காணாமல் போய்விடுகிறார்கள். வாங்கியவருக்கோ வேலை பாதி மிச்சம் இருக்கிறது. முழு சர்வே எண்ணும் ஒருவர் பெயருக்கு மாறினால் பட்டா பெரும்பாலும் தானாகவே மாறிவிடும்; உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், அதற்குக் காத்திருக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிலையைப் பாருங்கள். சொத்து வரி, குடிநீர் இணைப்பு, மின் இணைப்பு மூன்றிலும் பெயர் மாற்ற வேண்டும். எந்த அலுவலகத்தில் என்னென்ன நகல் கேட்பார்கள் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள், அல்லது உடன் போங்கள். விற்றவரிடமிருந்து பழைய வரி ரசீதுகளையும், கட்டட அனுமதி வரைபடத்தையும், ஆழ்துளைக் கிணற்றின் ஆழ விவரத்தையும் கேட்டு வாங்கி ஒரு கோப்பில் போட்டு ஒப்படையுங்கள். புதிய பட்டாவின் நகல் ஒன்றை உங்கள் நோட்டுப் புத்தகத்திலும் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை அதே தெருவில் மனை பேசும்போது எல்லை அளவுக்கு அது உதவும்.